வரிசையின் கடைசி இடம்

பணிவிடைத் தலைமை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். நாட்டில் சண்டை முடிந்து ஒரு வருசம் கழித்து, நான் படித்த கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிய மாணவத் தலைவிகளுக்கு அந்தத் தலைப்பில், பழைய தலைவியான நான் பேச வேண்டுமாம். எழுதியவர் எங்கள் காலத்துச் சிஸ்டர். ‘தலைவி கடைசியில் நிற்பவள்’ என்று அடியில் மறக்காமல் எழுதியிருந்தார்.

அந்த வசனத்தைச் சுனாமி அடித்த வருசமே சோற்றோடு சேர்த்து விழுங்கியவர்கள் நாங்கள். கடற்கரைச் சனம் எங்கள் வகுப்பறைகளில்தான் கிடந்தது. நானும் என் சிநேகிதியும் சோறு பரிமாறுவோம். எல்லோரும் தின்று முடித்த பிறகு, அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்போம். கருகியதை அவள் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். பொய் சொல்லக் கூடாது, அந்த நாட்களில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு வருசத்தில் நான் மாணவத் தலைவி, அவள் உபதலைவி. றோட்டில் போகிற பிள்ளைகளைப் பிடித்து வான் வண்டியில் ஏற்றிச் சண்டைக்குக் கொண்டுபோன காலம் அது. ஆர் பிடிக்கிறார்கள் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. சிஸ்டர் ஒரு ஒழுங்கு செய்தார். வாவிக்கரை றோட்டால் வீடு போகிற பிள்ளைகள் வரிசையாகப் போக வேண்டும். சின்னதுகள் முன்னுக்கு, எல்லோருக்கும் பின்னால் தலைவி. ஒரு கிழமை ஐந்து நாளும் நான், மறு கிழமை அவள்.

ஐயோ, என்ன மூளை! பிடிக்கிறவர்களுக்கு ஆறாம் ஆண்டுக் குஞ்சுகளா வேண்டும்? பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளையைத்தானே தேடித் திரிந்தார்கள். அந்த வயசுப் பிள்ளையைத் தனியே வாலில் விட்டோம். சிஸ்டருக்கும் தோன்றவில்லை, பெற்றவர்களுக்கும் தோன்றவில்லை. எனக்கு என் முறையில், ஒரு செவ்வாய்க்கிழமை தோன்றியது. பின்னால் ஒரு வான் மெதுவாக வந்தது. கொஞ்சத் தூரம் என்னோடு உருண்டுவிட்டு வேகமெடுத்துப் போனது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தலைவிக்குப் பயமோ என்று கேட்பார்கள் என்ற வெட்கம்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவளிடம் போனேன்.

“காலில சப்பாத்துக் கடிக்குதுகா. நடக்க ஏலாம கிடக்கு. இண்டைக்கு நீ பின்னுக்கு வாறியா?”

நொண்டியும் காட்டினேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

“ஓம், நீ முன்னுக்குப் போ” என்றாள். ஒரு சின்னப் பிள்ளை களைத்துப்போய் நின்றது. அதன் புத்தகப் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பாதி வழியில் பின்னால் வான் கதவு இழுபடுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. “ஓடுங்க, ஓடுங்க” என்று சின்னதுகளைத் துரத்திக்கொண்டு ஓடினேன். காலில் நோவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீட்டு வாசல்வரைக்கும் ஒரு பிள்ளை அழுதுகொண்டே வந்தது. “அக்கா, என்ட பேக் அந்த அக்காட்ட.”

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் சிஸ்டர் அழுதார். இன்னொருத்தியின் நோவுக்காகத் தானே கடைசி இடத்தை ஏற்றவள் என்றும், இதுதான் பணிவிடைத் தலைமை என்றும் சொன்னார். அவளுடைய தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்குக் கால் ஏலாட்டி நீ என்ன செய்வாய் மகள்” என்றார்.

அவள் உயிரோடு திரும்பினாள். சண்டை முடிந்ததும் அடைத்து வைத்த புனர்வாழ்வு முகாமிலிருந்து விட்ட பிறகு, தாயோடு பனிச்சங்கேணியில் மாமன் வீட்டில் இருந்தாள். சிஸ்டரின் கடிதத்தைக் கொண்டு அங்கே போனேன். தாய் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனதும், இத்தனை வருசமும் மறைத்து வைத்ததைச் சொன்னேன்.

“அண்டைக்கு என்ட சப்பாத்துக் கடிக்கேல்லகா.”

“தெரியும்” என்றாள். “முதல் இடக்கால நொண்டினாய். மறுகா வலக்கால நொண்டினாய்.”

“தெரிஞ்சும் ஏன்டி நிண்டாய்?”

“நீ பயந்து போயிருந்தாய். தலைவியெண்டா கடைசியில நிக்கோணும் எண்டு நானும் விசரி மாதிரி நம்பினன்.” கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். அவளுக்குக் கோபம் வந்தது அப்போதுதான். “இன்னும் இதையா சொல்லிக் குடுக்கிறாங்க? போய்ச் சொல்லு. அண்டைக்கு உன்ட முறை எண்டு சொல்லு. ஒரு புள்ளையையும் கடைசியில தனிய விட வேணாமெண்டு சொல்லு. நான் சொன்னா ஆர் கேப்பாங்க? நீ சொன்னாக் கேப்பாங்க.”

“ஓம், சொல்றன்” என்றேன். அவள் எழுந்து வாசல் படலைவரைக்கும் வந்து என்னை வழியனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்தக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மண்டபம் நிறையப் பிள்ளைகள், முன்வரிசையில் சிஸ்டர், ஒருவேளை அவளுடைய தாய், எல்லோரும் கண்ணுக்குள் வந்தார்கள். மூன்றாம் நாள் பதில் எழுதினேன். வர விருப்பம்தான் சிஸ்டர், ஆனால் காலில் சுகமில்லை, நடக்க முடியாமல் இருக்கிறது என்று எழுதினேன்.