ஜாபர் சார் முகர்ந்து பார்த்த படகு

கூடுவாஞ்சேரி நிலையத்தில் தாம்பரம் வண்டிக்காக நின்றிருந்தபோது, அலுவலக வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. மீன்வளத் துறை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற ஜாபர் சார், செம்பாக்கம் வீட்டில் காலமாகிவிட்டார். அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நானும் ஒன்றைப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று உடனே தோன்றவில்லை.

அவரிடம் வேலை பார்த்த எங்களுக்கெல்லாம் அவர் குணம் தெரியும். லேசில் சிரிக்க மாட்டார். கரையில் யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்க மாட்டார். மீனவர்களுக்கு அரசு தரும் மானிய டீசல், கடலுக்கே போகாத படகுகளின் பேரில் வாங்கப்பட்டு லாரிகளுக்குப் போய்விடக் கூடாது என்பதில் குறியாக இருந்தார். வருடாந்திர ஆய்வு நாளில் படகுகளையெல்லாம் கரையேற்றி நிறுத்தியிருப்பார்கள். நாங்கள் பதிவு எண்ணையும் எஞ்சினையும் பார்ப்போம். அவரோ மீன் போட்டு வைக்கும் அடிப்பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்ப்பார். "நாறாத போட்டுக்கு டீசல் எதுக்குப்பா?" என்பார்.

டீசல் விலை ஏறிக்கொண்டே போன ஒரு வருடம், கோவளத்தில் கன்னியம்மாவின் படகைப் பார்க்கப் போனோம். வெளி பங்க்கில் டீசல் போட்டுக் கடலுக்குப் போனால், பிடித்த மீன் எஞ்சினுக்கே சரியாகிவிடும் என்று கரையே புலம்பிக்கொண்டிருந்த நேரம். கணவர் இறந்தபின் படகு அவர் பேருக்கு மாறியிருந்தது, தம்பிதான் ஓட்டினார். தன் பேரில் நடக்கும் முதல் ஆய்வு, அதிகாரி வருகிறார் என்று கன்னியம்மா அடிப்பெட்டியை ஃபினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவி, உள்ளே பெயிண்டும் அடித்து வைத்திருந்தார். சார் தலையை விட்டார், எடுத்தார். இந்தப் படகு கடலுக்குப் போவதாகத் தெரியவில்லை, மானியத்தை நிறுத்து என்று என்னிடம் சொன்னார்.

"நீங்க வர்றீங்கன்னுதானே சார் கழுவி வச்சேன்" என்றார் கன்னியம்மா.

அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். கரையில் எல்லாரும் எல்லாருக்கும் சாட்சி சொல்வார்கள் என்று சார் காதில் வாங்கவில்லை. ஒரு தடவை போய்வரட்டும், வந்ததும் பார்க்கிறேன் என்றார்.

"டீசல் இல்லாம இன்னாத்த சார் ஊத்திக்கினு போறது?"

சார் அடுத்த படகுக்கு நகர்ந்தார். எனக்கு அவர் மேல் கடுமையான கோபம் வந்தது.

மறுநாள் காலையில் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். பக்கத்துப் படகுக்காரர்கள் தங்கள் கேன்களோடு கன்னியம்மாவின் படகருகே நின்றிருந்தார்கள். மானிய டீசலைக் கைமாற்றக் கூடாது என்பது விதி. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவரைப் பார்த்ததும் அவர்கள் கை அப்படியே நின்றுவிட்டது. சார் திரும்பி, ஊற்றி முடிக்கும்வரை சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். படகு போனபின் மணலிலேயே உட்கார்ந்திருந்தார். மதியத் தொழுகையும் அங்கேதான். படகு திரும்பியதும் பெட்டிக்குள் தலையை விட்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"இப்பதான்மா இது போட்டு" என்று கையெழுத்துப் போட்டார். முந்தின நாள் செய்தது தவறு என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

செம்பாக்கம் வீட்டுக்கு நான் போனபோது, வாசல்வரை அத்தரும் கற்பூரமும் மணந்தன. கொஞ்ச நேரத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து கன்னியம்மா இறங்கினார். ஏலத்தில் மீனைப் போட்டுவிட்டு அப்படியே கிளம்பி வந்திருக்கிறார். புடவையில் செதில் ஒட்டியிருந்தது. கேட்டருகே நின்றிருந்த காலனிக்காரர்கள் சற்று ஒதுங்கிக்கொண்டார்கள். சாரின் உறவினர் ஒருவர், குழாயில் கைகால் கழுவிக்கொள்ளலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

"வேணாம்பா. கழுவாமத்தான் வந்துகீறேன். அப்பதான் சாருக்கு என்னைத் தெரியும்."

அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.

இப்போது அவர் இடத்தில் நான் இருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மூக்குதான். அடுத்த ஆய்விலும் அடிப்பெட்டிக்குள் தலையை விடுவேன். ஃபினாயில் வாசனை வந்தால், கழுவியது யாரென்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன்.