புல் முளைத்த செக்குத் தடம்

ஓசூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி பாதிச் சுவரோடு நின்றுபோனது. கண்டிராக்டர் மேல் சர்க்கார் வழக்குப் போட்டது. நான் சர்க்கார் வக்கீலின் குமாஸ்தா.

வேலை ஒருநாளும் நிற்கவில்லை என்று சொல்வதற்காக, மாடு பூட்டி, கட்டடத்துக்குச் சுண்ணாம்புச் சாந்து அரைக்கும் செக்கை ஓட்டியவரைக் கண்டிராக்டரே சாட்சியாகக் கூட்டிவந்தார். சுண்ணாம்பு தின்ற பாதங்கள். எதைக் கேட்டாலும், மாட்டை ஓட்டுவதுபோல நாக்கைச் சொடுக்கிவிட்டுத்தான் பேசுவார்.

“செக்கு தினமும் ஓடியதா?” என்றார் கண்டிராக்டரின் வக்கீல்.

நாக்கைச் சொடுக்கினார். “செக்குத் தடத்துல முழங்கால் உசரம் புல்லு முளைச்சுது சாமி. எம் மாடுங்கதான் மேஞ்சுதுங்க.”

கோர்ட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம். அன்று கோர்ட் வாசலில் செக்கு ஓட்டியவர் என்னை மறித்தார். “ஜெயிச்சாச்சு இல்லீங்க? நாளைக்கே மாட்டப் பூட்டிடட்டா?”

கையிலிருந்த தீர்ப்பை இரண்டு முறை புரட்டினேன். ஆஸ்பத்திரியை இனி யார் கட்டுவது என்று அதில் ஒரு வரி இல்லை.