அடுப்பு வண்டியும் ஒரு படி குங்கிலியமும்

போன வெள்ளிக்கிழமை நாமக்கல் கடைவீதியில் ஒரு மளிகைக் கடைக்காரர் விளக்கேற்றிவிட்டுத் தணலில் குங்கிலியம் போட்டார். கடை முன்னால் நின்ற எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் ஒரு மோட்டார் இஞ்சின் ஞாபகம் வந்தது. துவரம்பருப்பு வாங்கப் போனவன் அதை மறந்துவிட்டுப் புகையை இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டு நின்றேன். கடைக்காரர், "ஏனுங்க தம்பி, சளிங்களா?" என்று கேட்டார்.

இதைப் படிக்கிற நீங்கள் மோட்டார்ப் பைத்தியம். பத்திரிகையில் வரும் கார்ப் படங்களைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். எந்தச் சீமை வண்டிக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ஆனாலும் உங்கள் நோட்டில் இல்லாத ஒரு வண்டி உண்டு. அதில் நான் இரண்டரை வருஷம் கண்டக்டராக இருந்தேன். அதைப் படம் பிடித்தவர் யாருமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

யுத்தத்தின் போது பெட்ரோலுக்குக் கூப்பன் வந்ததும் பஸ்களின் முதுகில் கரி அடுப்பு ஏறியதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்ற கம்பெனிகளுக்கு அடுப்பு பட்டணத்திலிருந்து வந்தது. எங்கள் முதலாளிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தார் வந்த பெரிய இரும்புப் பீப்பாயைக் கொண்டுபோய்ச் சேந்தமங்கலத்துக் கொல்லர் ஒருவரிடம் போட்டார். அவர் அதற்கு மூடி வைத்து, கீழே சாம்பல் வாரும் கதவு வைத்து, நெருப்பை ஊதத் தம் பட்டறைத் துருத்தியையே பின்பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார். பெட்ரோலுக்குப் பதில் இஞ்சினை ஓட்டுவது கரியிலிருந்து வரும் வாயு; அதைச் சுத்தம் செய்ய ஒரு தகரப் பெட்டி. அதற்குள் தேங்காய் நாரும் காய்ந்த பீர்க்கங்கூடும். முதுகு தேய்க்கிற பீர்க்கங்கூட்டை மூச்சுக்குழாயாக வைத்துக்கொண்ட மோட்டார் வேறெங்காவது உண்டா? விசாரித்துச் சொல்லுங்கள்.

அடிச்சட்டம் அமெரிக்க லாரியுடையது. மேல்கூண்டு கொல்லிமலைப் பலாமரம். செய்தவர் தேர் வேலை செய்கிற ஆசாரி. அவருக்குத் தெரிந்தபடிதான் செய்தார். ஜன்னல் மூலைக்கு ஒரு தாமரை, ஏறும் படியின் இருபுறமும் யாளி. மழைக்காலத்தில் கூண்டு நனைந்தால் உள்ளே லேசாகப் பழ வாசனை அடிக்கும். ஊரில் அதற்கு 'அடுப்பு வண்டி' என்று பெயர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து சேந்தமங்கலம் வழியாக நாமக்கல், மறுபடி காரவள்ளி.

டிரைவர் அங்கமுத்து அண்ணன். எட்டாவது படித்த கண்டக்டர் வாய்த்ததில் அவருக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை என்னைக் கிண்டல் செய்தே தீர்த்துக்கொள்வார். "வாத்தியாரே, பாடம் அப்புறம் நடத்தலாம், மொதல்ல துருத்திய மிதிங்க" என்பார். விடியற்காலையில் அடுப்பை மூட்டி அரைமணி நேரம் துருத்தி மிதிக்க வேண்டும். அதுவரை வெள்ளைப் புகை தூணாக மேலே எழும்பும். பிறகு புகை மெலியும். குழாய் முனையில் தீக்குச்சி வைத்துப் பார்த்தால் நீலமாக ஒரு சுடர் நிற்கும். "சிரிச்சுட்டா. ஏறுங்க" என்பார் அண்ணன்; வண்டியை அவள் என்றுதான் சொல்வார். சுடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் கால்மணி மிதி. என் வலது கால் இன்றைக்கும் இடது காலைவிடக் கொஞ்சம் பருமன்.

நான் கொல்லிமலைமேல் வாழவந்தி நாட்டுக்காரன்; மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த வட்டாரம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். கழுத்தில் தோல்பையும் விசிலுமாக ஊருக்குப் போய் நின்றபோது, என்ன வேலை என்று அம்மா கேட்டாள். மறைக்கத் தெரியாமல், அடுப்புக்குக் கரி போடுவதைத்தான் முதலில் சொன்னேன். "அதுக்கா கண்ணு எட்டாங்கிளாசு? அத நம்மூட்டு அடுப்புலயே போட்டிருக்கலாமே" என்றாள்.

கரி கொடுத்தவர் சடையன் மாமன், அம்மாவின் தம்பி. கீழ்நாட்டில் நல்ல கரி அரிதானபோது, எங்கள் மலையில் கிடைக்கும் என்று முதலாளியிடம் சொன்னது நான்தான். மாமன் தன் காட்டு மரத்தைச் சுட்டு, வாரம் ஒருநாள் நாலைந்து பேரோடு தலைச்சுமையாக இறக்குவார். அவருடைய காடு மலை விளிம்பில் இருந்தது. அங்கே ஒரு பாறைமேல் நின்றால் காரவள்ளியில் எங்கள் ஷெட் தெரியும். தினம் காலையில் அங்கிருந்து புகையைப் பார்ப்பார். புகை எழும்பினால், "நம்ம கரி வேவுது." புகை அற்றுப்போனால், "நம்ம பையன் பொறப்பட்டுட்டான்." இதை வரப்பில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாராம். என்னை ஏதோ ரயில் விடுகிறவன் என்றே பாதி நாடு நம்பியிருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மோட்டார் இன்ஸ்பெக்டரிடமிருந்து காகிதம் வந்தது. நாட்டுக் கொல்லர் செய்த அடுப்பில் ஓடும் வண்டி என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அவரே வந்து பார்ப்பார். முழுப் பாரத்தோடு, ஒரு பிரயாணியும் இறங்காமல், வண்டி ஏரிக்கரை மேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பர்மிட் ரத்து. கூண்டை உடைத்து இரும்பைத் தனியே விற்க வேண்டியதுதான் என்று முதலாளி கையை விரித்துவிட்டார்.

அந்த மேட்டில் வண்டி ஒரு நாளும் ஆட்களோடு ஏறியதில்லை. மேட்டடிக்கு வந்தால் நான் விசில் ஊதுமுன்பே எல்லோரும் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து தள்ளுவார்கள். அப்படி ஒரு பழக்கம். அங்கமுத்து அண்ணன் மூன்று நாள் கிண்டலே பேசவில்லை. யாளியின் பல்லிடுக்கில் படிந்த தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

நான் மலையேறி மாமனிடம் போனேன். என்னிடம் கரி அடுப்பைப் பற்றி ஒரு இங்கிலீஷ் துண்டுப் பிரசுரம் இருந்தது. அகராதி வைத்துக்கொண்டு முழுதும் படித்திருந்தேன். படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டுமே! பிராணவாயு எப்படி உள்ளே போகிறது, எப்படி மாறி வெளியே வருகிறது என்று மாமனுக்கும் அவர் நாய்க்கும் ஒரு மணி நேரம் விளக்கினேன். கரியில் சொட்டு ஈரம் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். பிசின் பால் வடியும் மரம் எதுவும் சேரவே கூடாது என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அதைச் சொல்லவில்லை. கரி சுட்டே தலை நரைத்தவருக்கு அதைப் போய் நான் சொல்வதா என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் கேட்டுவிட்டு மாமன் ஒன்றே ஒன்று கேட்டார். "தோத்தா வண்டிய ஒடைச்சுருவாங்களா?"

"ஆமா மாமா."

"செரி. நான் பாத்துக்கறேன், நீ போ சாமி."

திங்கட்கிழமை விடிகாலையில் மாமன் தானே ஒரு மூட்டையைச் சுமந்து வந்து இறக்கிவிட்டு, பாறையிலிருந்து பார்க்க வேண்டும் என்று உடனே மலையேறிவிட்டார். பழைய கரியில் அடுப்பை மூட்டி, புறப்படுமுன் புது மூட்டையை மேலே கொட்டினோம். கரி காய்ந்து கலகலவென்று விழுந்தது.

இன்ஸ்பெக்டர் முன்ஸீட்டில் உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனிதர். ஏரிக்கரை மேட்டடிக்கு வந்ததும் வழக்கப்படி பின்னால் சலசலப்பு. தினமும் வெற்றிலைக் கூடையோடு வரும் செட்டியார் ஒருவர் படியில் காலை வைத்தேவிட்டார்.

"உக்காருங்க செட்டியாரே!" என்று பதறினேன்.

"ஏனுங்க, இன்னிக்கு எறங்க வேண்டாங்களா?"

"யாரும் எறங்கப்படாதுங்க."

"வண்டிக்குப் பாவமுங்களே!" என்றார் அவர், கூடையை மடியில் வைத்து, தன் பாரத்தையாவது குறைப்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அண்ணன் கியரை மாற்றினார். வண்டி ஒருமுறை இருமியது. பிறகு நடந்ததை நான் என்னவென்று சொல்ல! அதன் தொண்டையிலிருந்து நான் கேட்டேயிராத ஒரு குரல் வந்தது. நாற்பது பேரையும் வெற்றிலைக் கூடையையும் அரசாங்க அதிகாரியையும் தூக்கிக்கொண்டு, பெட்ரோல் வண்டியும் முக்கும் அந்த மேட்டில் விறுவிறுவென்று ஏறியது. கூடவே பின்னாலிருந்து ஒரு வாசனை. நெருப்பில் குங்கிலியம் போட்ட கருவறை வாசனை. பெண்கள் கைகூப்பினார்கள். செட்டியார், "முருகா!" என்று அடக்கிவைத்த மூச்சை விட்டார்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "என்னய்யா, கோயில் வாசனை அடிக்குது?"

அண்ணன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாமி கும்புட்டுட்டுத்தானுங்க எடுத்தோம்" என்றார். கண்ணாடியில் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நாமக்கல்லில் காகிதத்தில் கையெழுத்தாகிவிட்டது. நான் அழுதேன். அண்ணன் எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் சுழற்றும் கம்பியை மாட்டினால் இஞ்சின் அசையவில்லை. இரண்டு பேர் தொங்கினோம். கல்லாய் நின்றது. இஞ்சின் மூடியைக் கழற்றினார் அண்ணன். உள்ளே வால்வெல்லாம் தேன் நிறத்தில் பிசின் உறைந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சூட்டில் எரிந்து வண்டியைத் தூக்கிய பிசின், இரவில் ஆறி இறுகிவிட்டது. மூட்டையின் அடியைக் கவிழ்த்துத் தேடினேன். கரிக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது: கருங்குங்கிலியக் கட்டிகள்.

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் நாட்டில் பெரிய காரியம் எதற்கு நெருப்பு மூட்டினாலும், அது கல்யாண அடுப்போ நோம்பிப் பண்டிகை அடுப்போ, ஒரு பிடி குங்கிலியம் போடாமல் மூட்டமாட்டார்கள். காரியம் பெரிது என்று நானே போய்ச் சொல்லியிருந்தேன். மாமன் பிடியில் நிறுத்தவில்லை, படிக்கணக்கில் கலந்துவிட்டார்.

பிரசுரத்தில் இருந்ததை நான் விழுங்கியதையும் சேர்த்து அண்ணனிடம் சொன்னேன். அவர் வால்வை மண்ணெண்ணெயில் முக்கியபடி, "அத்தன பாடத்துல வேணுங்கறத மட்டும் உட்டுட்டீங்களே வாத்தியாரே" என்றார். மூன்று நாள் இருவரும் சுரண்டினோம். கை வாசனை ஒரு வாரம் போகவில்லை. சாப்பாடெல்லாம் பிரசாதம் மாதிரியே இருந்தது. இன்ஸ்பெக்டர் இதைப் படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரமே அதே மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். செட்டியார்தான் முதலில் இறங்கினார்.

நாங்கள் சுரண்டிக்கொண்டிருந்த மூன்றாம் நாள் மாலையில் மாமன் ஓட்டமும் நடையுமாய் வந்து சேர்ந்தார். தலையில் மூட்டை, கையில் அதைவிடக் கனமாய்க் குங்கிலியம். "மூணு நாளாப் பொகையே காணமே, என்னாச்சு? பத்தலியா?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார்.

"கவுண்டரே, உங்க குங்கிலியத்துலதானுங்க வண்டி கெலிச்சுது. ஆனா இனிமேல் கரி தனியா, குங்கிலியம் தனியாக் குடுங்க. அவளுக்கு நான் மூஞ்சிக்கு முன்னால காட்டிக்கறேன். வயித்துக்குள்ள போட்டா மயக்கமாயிடறா."

மாமன் யோசித்துவிட்டு, "அதுஞ் செரிதான். பொம்பளைப் புள்ள" என்றார்.

அதிலிருந்து வாராவாரம் மூட்டையோடு வாழை இலைப் பொட்டலம் ஒன்றும் வரும். புறப்படுமுன் அண்ணன் கொட்டாங்கச்சித் தணலில் அதைப் போட்டு வண்டிமுன் காட்டுவார். ஒரு நாளும் தவறியதில்லை.

யுத்தம் முடிந்தது. முதலாளி பெட்ரோல் பஸ் எடுத்தார். கொல்லர் துருத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பீப்பாயில் முதலாளி வீட்டு மாடுகளுக்குப் பருத்திக்கொட்டை ஊறுகிறது. பலாமரக் கூண்டைப் பிரித்தபோது அங்கமுத்து அண்ணன் ஒரு யாளியை மட்டும் கேட்டு வாங்கிப் போனார். புது வண்டி ஒரு சுற்றில் கிளம்பிவிடுகிறது. துருத்தி மிதித்த அந்த அரைமணியில் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பீடி குடிக்கிறார். நான் இப்போது நாமக்கல் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து டிக்கெட் கட்டு எண்ணுகிறேன்.

நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தேன். காலையில் மாமன் பாறைமேல் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் தினம் வருகிறாராம். பக்கத்தில் போய் நின்றேன்.

"வண்டி பொறப்பட்டுச்சா, நின்னு போச்சா, ஒண்ணுந் தெரியலையே சாமி" என்றார்.

"இந்நேரம் பொறப்பட்டிருக்கும் மாமா" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினேன்.

என் மணிக்கட்டைப் பிடித்து, அந்தச் சின்ன வட்டத்துக்குள் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுலயா தெரியுது?" என்றார்.