செத்த வீட்டு வீடியோவில் சிரித்த இடம்

மல்லாவியில் கல்யாண வீட்டை விடச் செத்த வீட்டுக்குத்தான் நான் கூடுதலாகக் கமரா தூக்குகிறேன். இங்கே ஒருவர் கண்ணை மூடினால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முழு வீடியோ வேண்டும். வந்து பாடை தூக்கத்தான் நேரமில்லை. யார் அழுதார், யார் அழவில்லை என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தாராளமாக நேரம் இருக்கிறது.

ஞானேஸ்வரி அக்காவின் தாய் செத்த வீட்டையும் நான்தான் எடுத்தேன். அக்கா கல்யாணம் கட்டவில்லை. சண்டைக் காலத்தில் தாயைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு ஓடியவர். திரும்பி வந்து வயல் செய்தார். தாய் படுக்கையில் விழுந்த பிறகு பீ மூத்திரம் அள்ளியதும் அவர்தான். தம்பி நிரோஜன் கனடா போனவன் போனவன்தான். தாய் படுத்த பிறகு ஒருதரம் கூட எட்டிப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் அவன் குடும்ப வாட்சப் குறூப்பில் ஒரு படம் போட்டான். என் வீடியோவை நிறுத்தி எடுத்த படம். பிரேதத்தின் தலைமாட்டில் அக்கா பல்லுத் தெரியச் சிரிக்கிறார். கூடவே ஒரு குரல் பதிவு.

“பெத்த தாயின்ரை பிணத்துக்குப் பக்கத்தில இருந்து சிரிக்கிறாள். இவளுக்கு அந்த வீட்டில இருக்க என்ன தகுதி? முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிய வெளிக்கிட வேணும். நான் வீட்டை விக்கப் போறன்.”

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்! வீடு இன்னும் தாயின் பெயரில்தான். சொந்தக்காரர் எல்லாரும் அவன் பக்கம் சாய்ந்தால் அக்கா தெருவில். லண்டனில் இருக்கும் சின்னம்மா கமலாசனி உடனே எழுதினார்: “சீ, நீயும் ஒரு மகளோ?”

அக்கா நேரே என் கடைக்கு வந்தார்.

“கோகுலன், அந்த இடத்தை எடுத்துத் தா. சத்தத்தோட.”

நான் நேரம் பார்த்துத் தேடுவதில்லை, கிரியை பார்த்துத் தேடுவேன். சுண்ணம் இடித்து முடிந்ததும் பக்கத்து வீட்டுத் தங்கம்மா ஒப்பாரி தொடங்குவார். எந்தச் செத்த வீட்டிலும் அதே வரிகள்தான். அங்கே போய் ஓடவிட்டேன்.

அக்கா விம்மிக்கொண்டிருந்தார். தங்கம்மா அவரைக் கட்டிப்பிடித்துக் குரலெடுத்தார்: “மகன் கையால கஞ்சி குடிச்சு, மகன் மடியில கண் மூடின மகராசியே!”

அக்கா தலையை நிமிர்த்தினார். சிரித்தார். அடுத்த கணம் பெட்டியில் தலையை அடித்துக் குழறி அழுதார். அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறான், நாய்.

அந்த வீடியோத் துண்டு குறூப்புக்குப் போனது. பிறகு கமலாசனி எழுதினார்: “நிரோஜன், இதைச் சத்தத்தோட பாத்தனியோ? அவள் ஏன் சிரிச்சவள் எண்டு உனக்கு விளங்கேல்லையோ?”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். உடனே நிரோஜன் எனக்கு அழைப்பு எடுத்தான். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“டேய், உந்த இடத்தை வெட்டிப்போட்டு வேற வீடியோ ஏத்து. அவளிட்டயும் சொல்லு, வெளிக்கிடாட்டி ஆள் வைச்சுத் தூக்கி வெளியால போடுவன் எண்டு.”

அக்கா என் கையிலிருந்து போனைப் பறித்தார்.

“ஆள் வைக்காதை, தம்பி. அம்மா சாகேக்கை நீ வரேல்லை. என்னைத் தூக்கி எறியவாவது வா.”