தண்ணீரில் மட்டும் அசைந்த கால்

என் மனைவிக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது ஒரு தை மாதத்தில். முதலில் குழறிய பேச்சு மெல்லத் திரும்பியது. கையும் ஓரளவு வந்தது. கால்தான் வரவில்லை. கிள்ளினால் தெரியாது, சுட்டாலும் தெரியாது. முதல் சில மாதங்களில் வருவதுதான் வரும், அதற்குப் பிறகு வருவது அபூர்வம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் அவளும் நாட்காட்டியைப் பார்க்காதது போல நடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெந்நீரில் காலை ஊறவைத்துப் பயிற்சி கொடுத்தால் இறுகிய சதை தளரும் என்றார், வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுத்தவர். பக்கெட்டில் வைத்தால் முழங்கால் வெளியே நின்றது, தண்ணீரும் சீக்கிரம் ஆறியது. கொதிக்கிற தண்ணீரை மேலே மேலே ஊற்றவும் பயம். வெந்துபோனாலும் அவளுக்குத் தெரியாதே. எனக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. பாண்டிச்சேரியில் ஒரு பழைய லாட்ஜை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து ஒரு ஃபைபர் குளியல் தொட்டியை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் பாத்ரூமில் இறக்கிவிட்டேன். அதன் பிறகு அங்கே ஆள் திரும்ப இடமில்லை.

நான் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் எலக்ட்ரீஷியன். தொட்டியின் கால்மாட்டில் ஒரு பழைய ஹீட்டர் ராடைப் பொருத்தி, சூடு ஏறியதும் தானாக நிற்கும்படி செய்தேன். எங்கள் நகரியத்தில் பாதிப் பேர் கேஸை மிச்சம் பிடித்து மின்சாரக் காயில் அடுப்பில் சமைக்கிறவர்கள். அதற்காகச் சமையலறையில் ஓடிய தடித்த ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, வென்டிலேட்டர் வழியாகத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். தமிழ்நாடே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் நிலக்கரியை எரித்துத்தான் கரண்டே தயாரானது என்பதால் எங்களுக்கு மட்டும் விளக்கு அணையாது. கரண்ட் எங்கள் வீட்டுப் பிள்ளை என்கிற திமிர் அந்த ஊரில் எல்லோருக்கும் உண்டு, எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அவளை முழுதாக உள்ளே இறக்க முடியாது. தொட்டியின் விளிம்பில் ஒரு பலகையைப் போட்டு உட்காரவைத்து, வலது காலை மட்டும் தண்ணீருக்குள் விடுவேன். இடது கால் வெளியே ஒரு மர ஸ்டூல் மேல் இருக்கும். நான் ரப்பர் செருப்போடு பக்கத்தில் நின்று தோளைக் கொடுப்பேன்.

முதல் நாளே அந்த அதிசயம் நடந்தது. தண்ணீர் சூடேறிக்கொண்டிருந்தபோது அவளுடைய கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கி நடுங்கியது. நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். மற்ற விரல்களும் சேர்ந்துகொண்டன.

"ஏங்க, நான் ஆட்டுறேன் பாருங்க," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, விரல்களையே பார்த்தாள். அவள் முக்க முக்க விரல்கள் நடுங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

மறுநாள் எதிர் குவார்ட்டர்ஸ் அம்மாவைக் கூப்பிட்டு அவளே காட்டினாள். அந்த அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதா கண்ணத் தொறந்துட்டா. அடுத்த வருசம் நீயே நடந்து வேளாங்கண்ணிக்கு வருவ பாரு," என்றார். பிசியோதெரபிக்காரர் மட்டும் கட்டிலில் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு யோசித்தார்.

"இங்க ஒண்ணும் அசையலையேங்க. தண்ணியில மட்டும் எப்படி?"

"தண்ணிக்குள்ள கனம் தெரியாதுல்ல சார்," என்றேன். அவரும் இருக்கலாம் என்றார். தண்ணீர் சூடாகி ஹீட்டர் நின்றதும் விரலும் நின்றுவிடும். களைத்துப்போய்விட்டது என்று நாங்கள் நினைத்தோம். கொஞ்சம் ஆறி ஹீட்டர் மறுபடி ஓடத் தொடங்கினால் விரலும் ஆடும். ஓய்வெடுத்துக்கொண்டு திரும்ப வேலை செய்கிறது என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தோம்.

இதற்கிடையில் வீடு தன் பங்குக்கு வம்பு செய்தது. தொட்டி ஹீட்டரைப் போட்டால் ஹாலில் டியூப்லைட் கண் சிமிட்டியது, மின்விசிறி சோர்ந்து சுற்றியது. ஒருநாள் ஃபியூஸ் உருகி வீடே இருண்டது. பராமரிப்பு அலுவலகத்தில் சொல்ல முடியாது. குவார்ட்டர்ஸில் இப்படி இஷ்டத்துக்கு ஒயர் இழுக்கக் கூடாது என்று விதி. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். எலக்ட்ரீஷியன் வீட்டைப் பற்றி யாரும் பழமொழி சொல்லிவைக்கவில்லை.

மெயின் ஸ்விட்சைத் திறந்தேன். நியூட்ரல் ஒயர் இறுக்கமில்லாமல் கருகிப்போயிருந்தது. நறுக்கிவிட்டுப் புதிதாக முறுக்கினேன். விளக்கும் விசிறியும் ஒழுங்காயின. அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஆனால் சமையலறைக் குழாய் 'சுர்'ரென்றது. ஈரக்கையோடு தொட்டால் விரல் நுனியில் எறும்பு கடித்தது போல இருக்கும். ஃபிரிட்ஜ் கதவும் அப்படியே. அவள் படுத்ததிலிருந்து சமையல் என்னுடையது என்பதால் கடி வாங்கியவனும் நான்தான். ஃபிரிட்ஜைச் சந்தேகப்பட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். குழாய் கடித்தது. மிக்சி, மோட்டார், காயில் அடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அப்போதும் கடித்தது. தொட்டியை மட்டும் கடைசிவரை நான் தொடவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால், நானே போட்டது, அதில் தப்பிருக்காது என்று சொல்லியிருப்பேன்.

வேறு வழியில்லாமல் தொட்டியின் ஸ்விட்சை அணைத்தேன். குழாய் சாதுவாகிவிட்டது. போட்டேன். கடித்தது.

அவள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பாத்ரூமுக்குப் போய் டெஸ்டரின் முனையைத் தொட்டித் தண்ணீரில் வைத்தேன். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. ஹீட்டர் ராடின் உறை வெடித்திருந்தது. அதிலிருந்து கரண்ட் தண்ணீரில் கசிந்து, தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்து அதற்குள் முங்கி நின்ற இரும்புக் குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. எர்த் ஒயர் கொடுத்துத்தான் இருந்தேன். தோட்டத்தில் அதன் குழி மேல் எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் சிமெண்ட் பூசி, துணி துவைக்கும் கல் போட்டிருந்தார்கள். தண்ணீர் காணாத குழி காய்ந்து மண்ணாகிக் கிடந்தது. காய்ந்த மண்ணில் இறங்காத கரண்ட் அதே ஒயர் வழியாக ஃபிரிட்ஜுக்கும் ஏறியிருந்தது; அந்த ஒயர் பெயருக்கு இருந்தது, அவ்வளவுதான்.

ராடுக்கும் குழாய்க்கும் நடுவில்தான் அவள் தினமும் பாதத்தை வைப்பாள்.

டெஸ்டரை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். ஹீட்டர் நின்றால் விரல் நின்றதும், ஓடினால் விரல் ஆடியதும் நினைவுக்கு வந்தன. சாக்கடை மூடி மேல் குனிந்து வாந்தி எடுத்தேன். அவள் செத்துப்போயிருக்கலாம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

புது ராட் வாங்கினேன். தோட்டத்தில் சிமெண்டை உடைத்து, குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். கசிவு இருந்தால் உடனே கரண்டை நிறுத்துகிற பிரேக்கரையும் மாட்டினேன். டெஸ்டரைத் தண்ணீரில் வைத்தால் எரியவில்லை. குழாயும் ஃபிரிட்ஜும் கடிக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக நான் சுரங்கத்தில்கூட வேலை செய்ததில்லை. வேலை முடிந்தபோது அந்த வீட்டின் மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது.

இரண்டு நாளாகத் தொட்டி இல்லாமல் அவள் தவித்துப்போயிருந்தாள். உட்காரவைத்துக் காலை விட்டேன். தண்ணீர் சூடேறியது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பல்லைக் கடித்தாள், முக்கினாள். நெற்றியில் வியர்வை வந்தது. பாதம் தண்ணீருக்கடியில் வெளிறிப்போய்ச் சும்மா இருந்தது.

"இன்னும் கொஞ்சம் சூடு வைங்க."

சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். ஒன்றும் இல்லை.

"என்னமோ பண்ணிட்டீங்க நீங்க. முந்தா நாளுகூட ஆடிக்கினு இருந்துச்சு."

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வாய்க்கு வரவில்லை. ராட் வெடித்தது, தண்ணீரில் கரண்ட் வந்தது, அது பட்டால் சதை தானாகத் துடிக்கும் என்று, வேலைக்குப் புதிதாய் வந்தவர்களிடம் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் முடித்த பிறகு அவள் என் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

"அப்ப அது நான் ஆட்டுனது இல்லையா?"

"இல்லம்மா."

"அந்தப் பழசத் திரும்ப மாட்டுங்க. ஒரே ஒரு தடவ."

"உயிரே போயிருக்கும்மா. மாட்ட மாட்டேன்."

அவள் கெஞ்சவில்லை, அழவும் இல்லை. கெஞ்சியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சரி, அத வெளிய எடுத்து வைங்க," என்றாள்.

காலை எடுத்து வைத்தேன். விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்தேன். அதற்குப் பிறகு 'என் கால்' என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இன்றைக்கும் காலையில் கட்டிலிலிருந்து இறக்கும்போது, "அத எடுத்து வைங்க" என்றுதான் சொல்கிறாள்.