எஞ்சினுக்குள் ஒரு தூவானம்

வெள்ளையனுக்கு ஆகாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது ‘ஒத்தாசை’. பேச்சுவாக்கில் யாராவது சொல்லிவிட்டால்கூட, கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முறைப்பான். காரணம் இல்லாமல் இல்லை. திருப்பூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஒன்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன் அவன். காற்று காய்ந்தால் நூல் பட்பட்டென்று அறும். அதற்காகக் கூரையடியில் குழாய் போட்டு, நாசில் வழியாகத் தண்ணீரைப் புகையாகத் தூவவிடுவார்கள். அந்த நாசிலின் வாயை அரத்தால் ராவித் திருத்தி, தூவானத்தை இன்னும் மெல்லிசாக்கியது வெள்ளையன். நூல் அறுவது பாதியாகக் குறைந்தது. பார்க்க வந்த பெரிய மனிதர்களிடம் மில் எஞ்சினீயர் அதைத் தன் வேலை என்று சொல்லி மாலை வாங்கிக்கொண்டார். வெள்ளையனைக் காட்டி, “இவனும் ஒத்தாசையா இருந்தான்” என்றார். மறுநாள் வெள்ளையன் மில்லுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

காங்கேயம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டான். பழைய லேத் ஒன்று. கிணற்றடி ஆயில் எஞ்சின்கள் ரிப்பேருக்கு வந்தன. அவன் கை பட்டால் எஞ்சின் பேசும் என்று ஊரே சொல்லும். சொல்கிற வாயெல்லாம் அவனை “டேய் வெள்ளையா” என்றுதான் கூப்பிடும். வழிப்போக்கனுக்குக்கூட ‘ங்க’ போட்டுப் பேசுகிற சீமைதான். அந்த ‘ங்க’ எப்படியோ அவன் கொட்டகை வாசலோடு நின்றுவிடும்.

அறுபத்தொன்றாம் வருடம் சித்திரையில் அந்த வாசலில் ஒரு பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் திருமூர்த்தி, பஞ்சு அரைவை ஃபேக்டரிக் கவுண்டரின் ஒரே மகன், குன்னூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இங்கிலாந்துக்கே திரும்பக் கிளம்பிய தேயிலைத் தோட்டத்து துரை ஒருவரிடம் வால்பாறையில் வாங்கிய கார் அது. சாதாரண எஞ்சின் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். இந்தக் காரிலோ பெல்ட்டில் சுற்றும் ஒரு ப்ளோயர், காற்றைப் பிடித்து அமுக்கி எஞ்சினுக்குள் திணித்தது. திணிக்கத் திணிக்க வேகம்.

“மலை மேல பறந்துச்சுடா. கீழ எறக்குன நாள்லருந்து வெயில்ல லொடலொடன்னு தட்டுது. ஆடி மாசம் மெட்ராசுக்குப் பக்கத்துல ரேசு. அதுல ஓட்டோணும்.”

வெள்ளையன் பானெட்டுக்குள் தலையை விட்டான். அமுக்கிய காற்று சூடேறும். மலையில் குளிர் தாங்கிக்கொண்டது, திருப்பூர் வெயிலில் பெட்ரோல் முறையாக எரிவதற்கு முன்னால் தானாக வெடிக்கிறது. அதுதான் தட்டல். வேகத்தைக் குறைத்தால் தட்டல் நிற்கும். குறைப்பது வெள்ளையனின் ரத்தத்திலேயே இல்லை.

“ப்ளோயர் பெல்ட்டு ஓடற புல்லிச் சக்கரத்த இன்னும் சிறுசாக் கடைஞ்சு போடறனுங்க. இன்னும் வேகமாச் சுத்தும். சூட்டுக்கு மில்லு நாசில்ல தண்ணி தூவுவமுங்க.”

“எஞ்சினுக்குள்ளயா தண்ணி?”

“தூவானமுங்க. பெட்ரோலோட சேந்து போகும், சூட்டத் தின்னுரும். எனக்குக் கூலி வேண்டாமுங்க. ரேசு ஃபாரத்துல எஞ்சினைச் சரிபண்ணுனவன் யாருன்னு ஒரு வரி இருக்குதுன்னீங்களே, அதுல என்ற பேரு வேணும்.”

திருமூர்த்தி சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

புல்லி கச்சிதமாக அமைந்தது. நாசிலும் அமைந்தது. வெள்ளோட்டத்தில் கார் பாய்ந்த பாய்ச்சலில் திருமூர்த்தி கூவியே விட்டார். அரை மணி நேரம் அந்தச் சந்தோஷம். பிறகு தட்டல், புகை, ஒரு பெரிய சத்தம். பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ஒன்று நடுவில் உருகி ஓட்டை விழுந்து கிடந்தது.

கோயமுத்தூரிலிருந்து டிப்ளமா எஞ்சினீயர் ரத்தினசாமி வந்தார். பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தார். “கெணத்து மோட்டாருக்கும் காருக்கும் வித்தியாசம் தெரியாதவங்ககிட்டக் கொடுத்தா இதான் நடக்கும்” என்று திருமூர்த்தியிடம் சொல்லிவிட்டுக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். வெள்ளையனுக்குக் காது சிவந்துவிட்டது. கழற்றிய நாசிலை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

தப்பு எங்கே என்று சொன்னது அவன் பெண்டாட்டி முத்தாத்தாள். வெந்நீர்த் தவலையைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் படிந்த வெள்ளைப் பொருக்கைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“அந்த எஞ்சினுக்கு எந்தத் தண்ணி ஊத்துனீங்?”

“நம்ம கெணத்துத் தண்ணிதான்.”

“நம்மூரு உப்புத் தண்ணி தவலையவே இந்தப் பாடு படுத்துது. சூட்டுல அந்த ஊசித் துளை எம்மாத்திரமுங்? ஒம்பது வருசம் மில்லுல தண்ணி அடிச்ச ஆளுக்கு இது தெரியலையாக்கும்.”

வெள்ளையன் கழற்றி வைத்திருந்த நாசிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். துளை வெள்ளையாக அடைத்திருந்தது. மில்லில் வாரா வாரம் அவனே ராவித் துடைத்த அதே பொருக்கு. தண்ணீர் நின்றதும் சூடு பிஸ்டனைத் தின்றுவிட்டது. தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. யோசனை தப்பில்லை, தண்ணீர்தான் தப்பு.

பத்து நாளில் கார் கோயமுத்தூரிலிருந்து திரும்பி வந்தது. புதுப் பிஸ்டன், ப்ளோயரில் பெரிய புல்லி. தட்டல் போயிற்று, கூடவே பாய்ச்சலும் போயிற்று. தாராபுரம் ரோட்டில் ஒரு மைல் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நாற்பத்தாறு செகண்டு. ரேசுக்கு வருகிறவர்கள் நாற்பத்திரண்டில் தாண்டுவார்கள். திருமூர்த்தியின் முகம் தொங்கிப்போயிற்று.

வெள்ளையன் அழைப்பில்லாமலே ஃபேக்டரிக்குப் போய் நின்றான்.

“தப்பு என்னுதுதானுங்க. ஒத்துக்கறேன். ஒரு நாள் காரைக் குடுங்க. பேட்டரிக்கு ஊத்தற சுத்தத் தண்ணியில ஓட்டிக் காட்டறேன். மறுக்காத் தட்டுச்சுன்னா இந்தக் கையால ஸ்பேனரத் தொடறதில்லீங்க.”

ரத்தினசாமியும் அங்கேதான் இருந்தார். “இன்னொரு பிஸ்டன் போகும்” என்றார்.

“போனா என்ற பொழப்புமல்ல சேந்து போகுது!” என்றான் வெள்ளையன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் விட்டது.

மறுநாள் காலை தாராபுரம் ரோட்டில் மூவரும் நின்றார்கள். சின்னப் புல்லியும் சுத்தம் செய்த நாசிலும் மறுபடியும் ஏறியிருந்தன. திருமூர்த்தி கதவைத் திறக்கப் போனார்.

“நான் ஓட்டறேனுங்க. தட்டற சத்தத்தோட மொத எழுத்தே எனக்குத்தான் கேக்கும்.”

அந்த சீட்டில் அவனைப் போன்றவர்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. திருமூர்த்தி ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்தார். யாருமில்லை. ஒதுங்கிக்கொண்டார்.

முதலில் அரை மணி நேரம், பிஸ்டன் உருகிய அதே நேரம், போய் வந்து எஞ்சினைக் கொதிக்கவைத்தான். பிறகு மிதித்தான். ப்ளோயரின் ஊளை ஏறிக்கொண்டே போயிற்று. வெள்ளையனின் காது எஞ்சினுக்குள்ளேயே இருந்தது. தட்டவில்லை. இன்னும் மிதித்தான். தட்டவில்லை. முதல் கல் போயிற்று, அடுத்த கல்லும் போயிற்று. திரும்பி வந்து நிறுத்தியபோது, கடிகாரம் பிடித்திருந்த ரத்தினசாமி அதை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“முப்பத்தொன்பது.”

திருமூர்த்தி ஒரு குதி குதித்தார். சட்டைப் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்துப் பானெட்டின் மேல் விரித்தார். “எறங்குடா வெள்ளையா, இன்னைக்கே தபால்ல போடோணும். எஞ்சினீயர் பேருன்னாத்தான் மெட்ராஸ்காரன் மதிப்பான். ரத்தினசாமின்னு போட்டர்றேன். ஒத்தாசைக்குன்னு உம்பேரையும் கீழ ஒரு ஓரத்துல...”

வெள்ளையன் இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை.

“அந்த வார்த்தைக்குத்தானுங்க மில்லை உட்டுட்டு வந்தேன். ஓரமெல்லாம் வேண்டாம். அந்த வரியில என்ற பேரு ஒண்ணுதான் இருக்கோணும். எழுதுங்க, எறங்கறேன்.”

“என்னடா மெரட்டறயா?”

“ஆமாங்க.”

கடலைச் சாக்கு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு, சீட்டில் இருந்தவனையும் வெயிலில் நின்ற சின்னக் கவுண்டரையும் மாறி மாறிப் பார்த்தான். ரத்தினசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். திருமூர்த்திக்கு முகம் கறுத்தது. முப்பத்தொன்பது என்ற எண்ணை விடவும் மனசில்லை. பேனாவைத் திறந்து எழுதி, காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

“இது இங்கிலீசு. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. கீழயே தமிழ்லயும் எழுதுங்க.”

குன்னூர்ப் படிப்புக்குத் தமிழ் எழுத்து தடுமாறியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். வெள்ளையன் காகிதத்தை வாங்கி, விரல் வைத்து வாசித்தான். ‘வெள்ளயன்’ என்று இருந்தது. அந்தக் காலத்தில் ‘ளை’ எழுத, ளகரத்துக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி வளைக்க வேண்டும். அதைக் காணோம்.

காகிதத்தைத் திருப்பி நீட்டினான். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது.

“தும்பிக்கை உட்டுப்போச்சுங்க. போட்டுக் குடுங்க.”