புல்வெளியில் தூவிய கல்தூள்

ஓசூர்க் குளிரில் கொரியன் புல் மார்கழியிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். பொங்கலுக்குள் வைக்கோல் போல ஆகிவிடும். செத்துவிட்டது என்று பயந்து யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. அது சாகவில்லை, வெயிலுக்காகக் காத்திருக்கிறது. தோட்டக்கலை படித்துவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில், முதல் குளிர்காலம் முழுவதும் இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

மாசி பிறந்து வெயில் ஏறியதும் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. தரையோடு ஒட்ட வெட்ட வேண்டும், அடியில் சேர்ந்த சருகை வாரி எடுக்க வேண்டும், மேலே மெல்லிசாக ஆற்றுமணல் தூவ வேண்டும். உரம் அதற்குப் பிறகுதான். வெட்டும் வாரலும் நான்கு நாளில் முடிந்தன. மணல் மட்டும் வரவில்லை. மாசி முடிவதற்குள் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. மெயின் கேட்டுக்கு எதிரே உள்ள அந்தப் புல்வெளியில் நிற்க வைத்துத்தான் போட்டோ எடுப்பார்கள்.

புது ஷெட் கட்டுகிற இடத்தில் பர்கூர்ப் பக்கத்துக் கிரஷரிலிருந்து வந்த கருங்கல் தூள் குவிந்து கிடந்தது. இங்கே கட்டட வேலையில் மணலுக்குப் பதில் அதைத்தான் போடுகிறார்கள். கட்டடத்துக்கு ஆகிறது புல்லுக்கு ஆகாதா என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய அரை மணி நேரத்தில் தள்ளுவண்டியை வரவழைத்துவிட்டேன்.

புல்வெளியைப் பார்த்துக்கொண்டவர் நாகரசம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர். கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்டர் கொடுத்த ஒற்றை அறையில் மகளோடு இருந்தார். வேலைக்கான கேட் பாஸ் போனால் அந்த அறையும் போய்விடும். மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இது காங்கிரீட்டுக்குப் போடறது இல்ல பாப்பா?" என்று அக்கா கேட்டார்.

"மணலுதான் அக்கா. கல்லுல இருந்து வந்த மணலு."

"அப்ப சரி. ரோடு போட்டாச்சு. தார் ஊத்தறது எப்பன்னு சொல்லு, வந்துடறேன்."

சிரித்தோம். சிரித்துக்கொண்டே தூவி, விளக்குமாற்றால் பரப்பி, தண்ணீர் விட்டோம்.

பத்து நாளில் தூள் இறுகிவிட்டது. அதிலிருந்த மாவு போன்ற பொடி ஈரத்தில் படிந்து, வெயிலில் காய்ந்து, ஓடு கட்டியிருந்தது. விட்ட தண்ணீர் உள்ளே இறங்காமல் நடைபாதைக்கு ஓடியது. துளிர்க்க வேண்டிய வாரத்தில் புல் சாம்பல் நிறமாயிற்று. இந்த முறை அது உண்மையாகவே செத்துக்கொண்டிருந்தது. வந்த வாடிக்கையாளர்களை ரிசப்ஷனுக்குள்ளேயே நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் எந்தத் தவறு நடந்தாலும் 'ஏன்-ஏன்' தாள் நிரப்ப வேண்டும். ஐந்து முறை ஏன் என்று கேட்டு, ஐந்து பதில் எழுத வேண்டும். போல்ட் உடைந்தாலும் அதுதான், புல் செத்தாலும் அதுதான். தண்ணீர் இறங்கவில்லை, தரை இறுகியது, கல்தூள் போட்டோம், மணல் வரவில்லை. நான்கு பதில்கள் வேகமாக வந்தன. ஐந்தாவதில் பேனா நின்றது.

அட்மின் மேனேஜர் எட்டிப் பார்த்தார். "தோட்ட ஆளுக்கு டிரெய்னிங் பத்தலைன்னு எழுதும்மா. எல்லாத் தாள்லயும் கடைசியில அதான் வரும்."

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அந்த வரி யாரையும் சுட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோட்டத்தில் இருந்ததோ ஒரே ஒரு ஆள்.

மறுநாள் அக்கா என்னிடம் வந்தார். டிரெய்னிங் பத்தாத ஆளாம், வாரக் கடைசியோடு பாஸ் கிடையாது, அறையையும் காலி செய்ய வேண்டும் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார்.

"என்னா டிரெய்னிங்கு பாப்பா அது? எப்ப எடுத்தாங்க? நான் லீவுல இருந்தேனா?"

"அந்தத் தாள எழுதினது நான்தான் அக்கா."

"கையெழுத்து நல்லா இருந்துச்சாம்," என்று சொல்லிவிட்டு அக்கா ஹோஸைச் சுருட்டப் போனார்.

அன்று மத்தியானமே வேறு தாள் எடுத்தேன். ஐந்தாவது ஏனுக்கு, கல்தூளைப் போடச் சொன்னது நான், ஒரு மூலையில்கூடப் போட்டுப் பார்க்கவில்லை, அக்கா கேட்டபோதும் நிறுத்தவில்லை என்று எழுதினேன்.

"முடிஞ்ச தாள ஏம்மா கிளறுறே?" என்றார் மேனேஜர். "உன் கன்ஃபர்மேஷன்ல இது ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும் சார்."

ஒட்டிக்கொண்டது. எனக்கு இன்னும் ஆறு மாதம் பயிற்சிக் காலம் என்று கடிதம் வந்தது. அக்காவின் பாஸ் திரும்பக் கிடைத்தது, அறையும் கையைவிட்டுப் போகவில்லை. ஆனால் புகார் வந்த இடத்துக்கு மறுபடி அனுப்ப மாட்டோம் என்று அவரைக் கேன்டீனில் தட்டு கழுவப் போட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்குப் போனேன். அக்கா வாசலிலேயே நிறுத்தினார். உள்ளே மகள் படிக்கும் சத்தம் கேட்டது.

"எனக்காகப் பண்ணேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாத. உன் தப்ப நீ எழுதினே. மொத நாளே எழுதியிருக்க வேண்டியது."

"ஆமா அக்கா."

"நாளைக்கு அவளுக்குக் கெமிஸ்ட்ரி. பேசினா கவனம் கலையும். நீ கிளம்பு."

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வரிசை வீடுகளைத் தாண்டினேன்.